தோட்டாவில் ஏன் கொழுப்பு?

தண்டையார்பேட்டையைத் தாண்டித் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் டோல்கேட், அதை அடுத்துக் காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை இது. தறிச் சத்தம் போய் கன்டெய்னர் லாரிகளின் சத்தம் வந்துவிட்டது. 2021 முதல் மெட்ரோ ரயிலும் நிற்கிறது. அதே சாலையில் இன்னும் கொஞ்சம் வடக்கே ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் தொழிற்சாலை. 1950-களின் நடுவில் இங்கிலாந்து கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டாகத் தொடங்கியது. அங்கே செய்த வண்டியின் பெயர் புல்லட். கம்பெனியின் பழைய முத்திரையில் ஒரு பீரங்கி இருக்கும். துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகமும் இருக்கும்.

அது வெறும் விளம்பரச் சவடால் இல்லை. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற ஊரில் பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. 1890-களில் ரெட்டிச் நகரத்து சைக்கிள் கம்பெனி ஒன்றுக்கு அந்தத் தொழிற்சாலைக்கு நுண்ணிய பாகங்கள் செய்து கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தப் பெருமையில் தன் சைக்கிளுக்கும் அந்த ஊரின் பெயரையே சூட்டிக்கொண்டது. அதற்கு நாற்பது வருடம் முன்பு, 1853-ல், அதே ஊரின் பெயரோடு ஒரு துப்பாக்கி வந்திருந்தது. இந்தியாவில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் அந்தத் துப்பாக்கியைத் தெரியும். பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டிய தோட்டா, மீரட், 1857 சிப்பாய் எழுச்சி.

வரலாற்றுப் பாடம் அத்தோடு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. தோட்டாவில் கொழுப்பு எதற்கு என்று வாத்தியாரும் சொல்வதில்லை, பிள்ளைகளும் கேட்பதில்லை. வெடித்துப் பறக்கிற ஈயத்துக்கு எண்ணெய்ப் பசை ஏன்? அது மாட்டுக் கொழுப்பாகத்தான் இருந்தாக வேண்டுமா? நெய்யும் தேன்மெழுகும் போதாதா? போதும் என்பதே விடை. ஆனால் அந்த விடைக்குப் பின்னால் உராய்வைப் பற்றிய அறிவியல் நிறைய இருக்கிறது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். குழலை விட்டுப் பறந்து போகும் உலோகத் துண்டு குண்டு. குண்டு, வெடிமருந்து, இரண்டையும் பொதிந்த உறை, எல்லாம் சேர்ந்தது தோட்டா.

குண்டுக்கு மனிதர்கள் ஈயத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதன் எடையும் உருகுநிலையும். 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அடுப்பில் உருக்கி அச்சில் ஊற்றினால் குண்டு தயார். நகத்தால் அழுத்தினால் கோடு விழும் அளவுக்கு மெத்தென்ற உலோகம். வழவழப்பான குழல் கொண்ட பழைய மஸ்கெட்டில் இந்த மென்மையால் தொல்லை ஏதும் இல்லை. குண்டு குழலுக்குள் லொடலொடவென்று உருண்டு வெளியேறும், எங்கே படும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். ரைஃபிள் வந்ததும் கதை மாறியது. ரைஃபிள் குழலின் உள்சுவரில் சுருளாக ஓடும் பள்ளங்கள் உண்டு. குண்டு அந்தப் பள்ளங்களில் இறுகக் கடிபட்டு, சுழன்றபடி வெளியே வர வேண்டும். சுழன்றால் நேராகப் பறக்கும்.

இறுகக் கடிபட்ட ஈயம் இரும்பின் மேல் வேகமாக இழுபடும்போது, கரும்பலகையில் சாக்பீஸ் தேய்வதைப் போலத் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்பிவிட்டுப் போகும். இடுக்கில் கசியும் சூடான வாயு குண்டின் ஓரத்தை அரித்து, அந்த ஈயத்தையும் கொண்டுபோய்க் குழலில் பூசும். சில டஜன் குண்டுகளுக்குப் பிறகு பள்ளங்கள் தூர்ந்துபோகும். அதன் பிறகு ரைஃபிளும் மஸ்கெட்டும் ஒன்றுதான்.

என்ஃபீல்டில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. அது வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. குழலின் விட்டம் 0.577 அங்குலம். குண்டு அதைவிடச் சிறியதாக இருந்தால்தான் மேலிருந்து கம்பியால் தள்ளி உள்ளே இறக்க முடியும், அதனால் 0.568 அங்குலத்தில் செய்தார்கள். ஆனால் சுடும்போது அது குழலை அடைத்துக்கொண்டு பள்ளத்தைக் கவ்வ வேண்டும். 1840-களின் முடிவில் கிளோத் எத்தியேன் மினியே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி இதற்கு வழி கண்டார்: குண்டின் அடிப்பக்கம் குழிவாக இருக்கட்டும், மருந்து வெடித்ததும் வாயு அந்தக் குழிவை விரித்துவிடும். உள்ளே போகும்போது ஒல்லி, வெளியே வரும்போது பருமன். ஈயத்தின் மென்மையை இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்திய வேறு கருவி எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அந்தக் காலத்துக் கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாது. பொட்டாசியம் உப்புகளும் கரியுமாகத் திடப்பொருளாகவே தங்கும். காய்ந்தால் அது குழலுக்குள் ஓடு கட்டிக்கொள்ளும். குழலுக்கும் குண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியோ ஒரு சிட்டிகைக் கனம்கூட இல்லை, 0.009 அங்குலம். நாலு முறை சுட்டபின் ஐந்தாவது குண்டு உள்ளே இறங்காது. எதிரி ஓடி வந்துகொண்டிருக்கும்போது சிப்பாய் கம்பியை வைத்துக் குத்திக்கொண்டிருப்பார்.

கொழுப்பு இங்கேதான் வேலைக்கு வருகிறது. குண்டைச் சுற்றிய காகிதத்தின் வெளிப்புறத்தில் பசை தடவியிருந்தால் ஒவ்வொரு குண்டும் உள்ளே இறங்கும்போது முந்தைய கரியை இளக்கி வழித்துக்கொண்டு போகும். வெளியே வரும்போது ஈயம் இரும்பில் ஒட்டாமல் காக்கும். வாயு கசியும் இடுக்கையும் ஓரளவு அடைக்கும். துப்பாக்கிக்காரர்கள் இதையெல்லாம் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். ஏன் அப்படி நடக்கிறது என்பது தெரிய இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

உராய்வைக் குறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, இரண்டு பரப்புகளுக்கும் நடுவே தடித்த எண்ணெய்ப் படலத்தை நிறுத்தி, ஒன்றை ஒன்று தொடவே விடாமல் செய்வது. எஞ்சினில் வேகமாகச் சுழலும் தண்டு இப்படித்தான் எண்ணெய்மேல் மிதக்கிறது. அழுத்தம் மிகுந்துவிட்டால் படலம் பிதுங்கி ஓடிவிடும். அப்போது மிஞ்சுவது உலோகத்தை ஒட்டிப் பிடித்திருக்கும் ஒன்றிரண்டு மூலக்கூறு கனமுள்ள அடுக்கு மட்டுமே. பிரிட்டிஷ் அறிவியலாளர் வில்லியம் ஹார்டி 1920-களில் இதை அளந்து காட்டினார். கொழுப்பு அமிலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டியரிக் அமிலம் என்று வைப்போம். 18 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலி; ஒரு முனையில் மட்டும் அமிலத் தலை. அந்தத் தலை உலோகத்தைக் கவ்விக்கொள்ளும், வால்கள் வெளிப்பக்கம் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். இரண்டு உலோகங்களும் நெருங்கினால் வாலும் வாலும்தான் உரசும். உலோகம் உலோகத்தைத் தொடாது.

இதை வைத்துக்கொண்டு வடசென்னையின் மெழுகைப் பார்க்கலாம். காலடிப்பேட்டைக்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பக்கம், மணலி. 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கி இன்று சிபிசிஎல் ஆகியிருக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், ஆண்டுக்கு 30,000 டன் பாரஃபின் மெழுகு எடுக்கும் பிரிவு இருக்கிறது. மெழுகுவர்த்திக்கும் தீப்பெட்டிக்கும் போகிற சரக்கு. தீக்குச்சியின் தலைக்குக் கீழே மரத்தைப் பாரஃபினில் தோய்த்திருப்பார்கள். இல்லாவிட்டால் மருந்து பொக்கென்று எரிந்து அணைந்துவிடும், மரத்துக்குத் தீ தாவாது. விம்கோ நகர் என்று மெட்ரோ நிலையத்துக்குப் பெயர் வந்தது அங்கிருந்த தீப்பெட்டி ஆலையால்தான்.

பாரஃபின் மூலக்கூறு வெறும் சங்கிலி. தலை கிடையாது. தரையில் தேய்த்தால் வழுக்கும், ஆனால் உலோகத்தைக் கவ்விப் பிடிக்காது. அழுத்தத்தில் வழிக்கப்பட்டுப் போய்விடும். ஒரு மெழுகுவர்த்தியை நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகத் தூள் உதிரும். வளைத்தால் சட்டென்று முறியும். அதே அளவு தேன்மெழுகை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பிசையுங்கள். முதலில் முரண்டுபிடிக்கும், பிறகு சூடு ஏற ஏற இணங்கி, விரலில் லேசாக ஒட்டும், இழுத்தால் வளையும். செருப்பு தைப்பவர்கள் நூலுக்குத் தேன்மெழுகைத் தேய்ப்பது இதற்காகத்தான். தேன்மெழுகில் ஏறத்தாழ எழுபது சதவீதம் எஸ்டர்கள், பத்துப் பதினைந்து சதவீதம் தனியான கொழுப்பு அமிலங்கள், அதே அளவுக்குப் பாரஃபின் மாதிரியான ஹைட்ரோகார்பன்கள். தலையுள்ளதும் தலையில்லாததும் கலந்த சரக்கு. தேனீ தன் கூட்டுக்காகச் செய்தது, துப்பாக்கிக்காரர்களுக்குப் பொருந்திப்போனது.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். மாட்டுக் கொழுப்பு 40-லிருந்து 50-க்குள்ளேயே இளகிவிடும். இங்கிலாந்தில் மாட்டுக் கொழுப்பு கட்டியாக நிற்கும். சென்னையில்? 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் பதிவான வெப்பம் 45 டிகிரி. அது நிழலில் அளந்தது. வெயிலில் நிற்கும் தகரக் கொட்டகைக்குள்ளும் சிப்பாயின் இடுப்புப் பைக்குள்ளும் இன்னும் கூடுதலாகவே இருக்கும். கொழுப்பு உருகிக் காகிதத்தில் ஊறி, வெடிமருந்துக்குள்ளும் இறங்கும். வெறும் தேன்மெழுகோ குளிர்நாட்டில் கல்லாகிவிடும், குழலில் பரவாது. ஆக, எந்த ஊரில் எந்த மாதத்தில் சுடப்போகிறோம் என்று தெரியாமல் மசகின் பதத்தைத் தீர்மானிக்க முடியாது.

இந்தப் பதம் பார்க்கும் வேலை நம் ஊருக்குப் புதிதில்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் படிமத்துக்கு மெழுகு உரு பிடிக்கும்போது வெறும் தேன்மெழுகை எடுப்பதில்லை. குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிக் கொள்வார்கள். குங்கிலியம் விறைப்பைக் கூட்டும், எண்ணெய் இளக்கத்தைக் கூட்டும். விரலுக்கு எப்படி இணங்குகிறது என்று பார்த்துச் சேர்மானத்தை மாற்றிக்கொள்வார்கள். மாட்டு வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துத் தடவிய வண்டி மசகும் இதே வகைதான். விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலச் சங்கிலியில் நடுவிலும் ஒரு ஹைட்ராக்சில் பிடி உண்டு. மற்ற எண்ணெய்களைவிட உலோகத்தை அது கெட்டியாகப் பிடிக்கும். இன்று எண்ணூர் துறைமுகச் சாலையில் ஓடும் லாரிகளுக்கு அடிக்கிற லித்தியம் கிரீஸிலும் அதிலிருந்து வந்த அமிலம் இருக்கிறது. விளக்கெண்ணெயை ஹைட்ரஜனேற்றி எடுத்த 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலத்தின் லித்தியம் சோப்புதான் அந்தக் கிரீஸுக்குக் கெட்டித்தன்மை தருகிறது. தாத்தா மூங்கில் குழாயில் வைத்திருந்த வண்டி மசகு டப்பாவுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே.

ராணுவங்கள் இந்தத் தலைவலியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தப்பித்துக்கொண்டன. சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் 1882-ல் ஈயக் குண்டுக்குச் செம்பால் ஒரு சட்டை மாட்டினார். செம்புச் சட்டை போட்டபின் ஈயம் குழலைத் தொடுவதில்லை, மசகும் தேவையில்லை. அந்தச் சட்டையின் மூக்கைத் திறந்துவிட்டு, உடலில் பட்டதும் விரியும் குண்டைக் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் செய்தார்கள். 1899-ல் ஹேக் மாநாடு அதற்குத் தடை போட்டது. தன் பெயர் உலக அகராதிகளில் ஏறியதற்காக ஓர் ஊர் வெட்கப்பட வேண்டியிருந்தால், அது டம்டம்மாகத்தான் இருக்கும்.

ஆனாலும் சட்டை போடாத வார்ப்பு ஈயக் குண்டு இன்னும் ஒழியவில்லை. அமெரிக்காவில் இலக்கு சுடும் பொழுதுபோக்காளர்கள் செலவைக் குறைக்கத் தாங்களே குண்டு வார்த்து, மசகும் காய்ச்சிக்கொள்கிறார்கள். அச்சகங்களில் லைனோடைப் இயந்திரங்கள் ஒழிந்த காலத்தில் அந்த ஈயத்துக்கு அவர்களிடம் பெரிய கிராக்கி இருந்தது. 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். தூய ஈயத்தைவிடப் பல மடங்கு கடினம். நேற்றைய செய்தி இன்றைய குண்டு. (நம் நாட்டில் இதை முயன்று பார்க்க வேண்டாம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். உருகிய ஈயத்தை வீட்டில் வைத்து வேலை செய்வது, சட்டம் ஒருபுறம் இருக்க, பிள்ளைகளின் மூளைக்கு வைக்கும் விஷம்.)

அந்த அமெரிக்கப் பொழுதுபோக்காளர்களின் அனுபவத்தில் மிகவும் சோதிப்பது ரிவால்வர் இல்லை, ரைஃபிளும் இல்லை. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேடிக் பிஸ்டல்தான். காரணம் அதன் இயக்கத்திலேயே இருக்கிறது. சுட்டதும் மேல்பகுதி பின்னுக்குப் பாய்ந்து, காலி உறையை வீசிவிட்டு, முன்னே வரும்போது அடுத்த தோட்டாவைச் சரிவில் ஏற்றிக் குழலின் அறைக்குள் தள்ளும். எல்லாம் கண் இமைக்கும் நேரம். பல பிஸ்டல்களில் தோட்டா எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது அறைக்குள் இருக்கும் மெல்லிய விளிம்பு. உறையின் வாய் அதில் போய் முட்டி நிற்க வேண்டும். மசகு அதிகமாகவோ மிருதுவாகவோ இருந்தால் குண்டைச் சுற்றி மசகு நிரப்பிய பள்ளத்திலிருந்து வழிந்து, புகைக்கரியோடு சேர்ந்து அந்த விளிம்பில் பிசின் மாதிரி அப்பிக்கொள்ளும். அடுத்த தோட்டா ஒரு மயிரிழை வெளியே நின்றுவிடும். பிஸ்டல் மூடாது. ரிவால்வர் இதையெல்லாம் பொறுத்துப்போகும். பிஸ்டலுக்குப் பொறுமை இல்லை.

சரி, மசகைக் கெட்டியாக்கினால்? கெட்டியான மெழுகு பள்ளத்தில் பத்திரமாக இருக்கும். ஆனால் குண்டு குழலில் இருக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் மெழுகு பிதுங்கி உலோகத்தில் பரவியாக வேண்டும். 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரப்படி உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, பருத்த .45 தோட்டாவுக்கு 21,000 மட்டுமே. ஒன்றில் பிதுங்கும் மெழுகு மற்றொன்றில் பிதுங்காமல் அப்படியே குண்டோடு பறந்துவிடும். சுழற்சியும் சாதாரணம் இல்லை. 9 மில்லிமீட்டர் குழலில் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போனால் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1,380 முறை சுழல்கிறது. மிஞ்சிய மசகு குழலை விட்டு வெளியேறியதும் சிதறிவிடும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் குண்டு தள்ளாடும்.

கைதேர்ந்தவர்கள் குழலைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுகிறார்கள். ஈயம் குழலின் வாய்ப்பக்கம் அப்பியிருந்தால் மசகு பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது என்று பொருள். அறைக்குப் பக்கத்திலேயே அப்பியிருந்தால் மசகின் மேல் பழி போடக்கூடாது. குண்டு குழலைவிடச் சிறியது, வாயு இடுக்கில் புகுந்து அரிக்கிறது. எத்தனையோ பேர் குண்டின் அளவைப் பார்க்காமல் மசகையே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்த வட்டாரத்தின் பழைய புலம்பல். அமெரிக்காவில் பல காலம் ஓடிய சேர்மானம் ஒன்று: பாதி தேன்மெழுகு, பாதி ஆலாக்ஸ் என்ற கால்சியம் சோப்பு கலந்த பெட்ரோலியப் பொருள். இப்போது பலர் மசகையே விட்டுவிட்டு, இரும்புக் கதவுக்குப் பவுடர் கோட்டிங் செய்வதைப் போலக் குண்டுக்கே பிளாஸ்டிக் பூச்சு சுட்டெடுக்கிறார்கள்.

இனி 1853-க்குத் திரும்பலாம். கல்கத்தாவுக்கு அந்த ஆண்டு கொழுப்பு தடவிய தோட்டாக்கள் கொஞ்சம் வந்து இறங்கின. சண்டைக்கு அனுப்பியவை இல்லை. இந்தியத் தட்பவெப்பத்தில் கொழுப்பு என்ன ஆகிறது என்று சோதிக்க வந்தவை. கல்கத்தா, கான்பூர், ரங்கூன் ஆகிய இடங்களில் சிப்பாய்களின் பைகளில் வைத்துச் சுமக்கச் சொன்னார்கள். அறிவியல் நோக்கில் இது மிகச் சரியான சோதனை. வெப்பம், ஈரம், குலுக்கல், காலம் எல்லாம் கணக்கில் வந்தன. அப்போது வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரலாக இருந்த கர்னல் டக்கர் ஒரு எச்சரிக்கையும் எழுதினார்: இந்தக் கொழுப்பு சாதி ஆசாரத்தைப் புண்படுத்தாத வகையைச் சேர்ந்தது என்று உறுதியாகத் தெரியாதவரை, இந்தியப் பட்டாளங்களுக்குக் கொடுக்கக்கூடாது. கடிதம் கோப்புக்குப் போனது.

1857 ஜனவரியில் டம்டம்மில் புதிய ரைஃபிளுக்குப் பயிற்சி தொடங்கியிருந்தது. ஆயுதச் சாலைக் கலாசி ஒருவர் பிராமணச் சிப்பாயிடம் லோட்டாவில் தண்ணீர் கேட்டார், சிப்பாய் மறுத்தார், உன் சாதி இன்னும் எத்தனை நாளைக்கு என்று கலாசி திருப்பிக் கேட்டார் என்பது எல்லோரும் படித்த கதை. 22-ஆம் தேதி வாக்கில் செய்தி அதிகாரிகளுக்கு எட்டியது. விசாரித்தபோது வெளிவந்ததுதான் என்னைப் பொறுத்தவரை அந்த ஆண்டின் மிக வெட்கக்கேடான குறிப்பு. வில்லியம் கோட்டை ஆயுதச் சாலையில் பயன்பட்ட கொழுப்பு எந்த விலங்கினுடையது என்று யாரும் விசாரித்திருக்கவில்லை. ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்தார், வாங்கி உருக்கினார்கள். உருகுநிலை, கெட்டித்தன்மை, தட்பவெப்பம் எல்லாவற்றையும் யோசித்தவர்கள், அதைப் பல்லருகே கொண்டுபோகப் போகிறவர் யார் என்பதை யோசிக்கவில்லை.

ஜனவரி 27-ல் வந்த உத்தரவைத்தான் நான் இந்த அத்தியாயத்தின் மையமாக நினைக்கிறேன். தோட்டாக்களைப் பசை தடவாமல் கொடுங்கள். சிப்பாய்கள் தங்களுக்கு விருப்பமான சேர்மானத்தைத் தாங்களே செய்து தடவிக்கொள்ளட்டும். மெழுகும் எண்ணெயும் கடைத்தெருவில் கிடைக்கும், நெய் வீட்டிலேயே இருக்கும். வேதியியல்படி இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நெய்யிலும் மாட்டுக் கொழுப்பிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே மாதிரியான கொழுப்பு அமிலங்கள்தான். தேன்மெழுகு சேர்த்தால் இந்திய வெயிலுக்கு அது இங்கிலாந்துச் சரக்கைவிட நன்றாகவே நின்றிருக்கும். பதத்தைப் பயன்படுத்துகிறவர் கையிலேயே விட்டுவிடுவது தொழில்நுட்ப முறையிலும் நல்ல யோசனை.

ஆனால் நான்கு ஆண்டு தாமதம். பசையைப் பற்றிய சந்தேகம் அதற்குள் காகிதத்துக்குத் தாவியிருந்தது. என்ஃபீல்டு தோட்டாவின் காகிதம் பழையதைவிட மினுமினுப்பாக, விறைப்பாக இருந்தது. பாரக்பூர் விசாரணையில் அதை எரித்துப் பார்த்ததைச் சிப்பாய்கள் சொன்னார்கள்: சடசடத்தது, கொழுப்பு வாடை வந்தது. கல்கத்தாவில் வேதியியல் பரிசோதனை செய்து, காகிதத்தில் கொழுப்பு எதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். முடிவு சரியாகவே இருந்திருக்கும். சோதித்தவரும் அவர்கள் ஆள்தானே என்று சிப்பாய் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? பல்லால் கடிக்காமல் விரலால் கிழிக்கலாம் என்று பயிற்சியையே மாற்றினார்கள். அதுவும் எடுபடவில்லை. ஏப்ரல் 24-ல் மீரட் மைதானத்தில் 3-ஆம் குதிரைப்படையின் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்று நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்கள் என்பது வரலாற்றின் குரூரமான கிண்டல். மே 9-ல் அந்த 85 பேருக்கும் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எரிந்தது.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. மே மாதத்தில் இங்கிருந்து கப்பலேறிய மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற ஐரோப்பியப் பட்டாளத்தின் கையில் இருந்தது என்ஃபீல்டு. தலைமை தாங்கிப் போனவர் கர்னல் நீல். அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் செய்த கொடுமைகள் தெரிந்தவை. அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். அதை எடுக்கச் சொல்லி 1927-ல் சத்தியாகிரகம் நடந்தது. 1937-ல் ராஜாஜி அமைச்சரவை வந்தபிறகுதான் சிலை மியூசியத்துக்குள் போனது.

மாட்டுக் கொழுப்பு ஆசாரத்தில் மட்டுமில்லை, பொறியியலிலும் தோற்றுப்போனது. போர்க்களத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்களின் கையிலேயே அது மக்கர் செய்தது. சூட்டிலும் நாள்பட்டும் கொழுப்பு காறிப்போகும். அதாவது உடைந்து தனி அமிலங்கள் வெளிப்படும். அந்த அமிலம் ஈயத்தோடு சேர்ந்தால் ஈய சோப்பு. குண்டின் மேல் வெள்ளைப் பொருக்கு கட்டும், பசை காய்ந்து காகிதத்தோடு இறுகும். உராய்வைக் குறைக்க வைத்த பொருளே குண்டைப் பருமனாக்கிவிடும். 0.009 அங்குல இடைவெளியில் அதற்கு இடமேது? குண்டு உள்ளே இறங்க மறுத்தது என்ற புகார்கள் இந்தியாவிலிருந்து போன பிறகு, குண்டின் விட்டத்தை 0.568-லிருந்து 0.550 அங்குலமாகக் குறைத்தார்கள். மசகில் கொழுப்பைத் தள்ளிவிட்டுத் தேன்மெழுகை முதன்மையாக்கினார்கள். சிப்பாய்கள் கேட்ட மெழுகுதான் சரியான மெழுகு என்று ஆயுதச் சாலையே ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று. யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை.

இன்றைக்கு ஸ்டியரிக் அமிலத்தைப் பனை எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். மூலக்கூறைப் பார்த்து எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. 18 கார்பன், ஒரு தலை, அவ்வளவுதான். ஆனாலும் வாங்குகிறவர்கள் மூலப்பொருள் எது என்று எழுதிக் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். 1983-ல் வனஸ்பதியில் இறக்குமதி மாட்டுக் கொழுப்பு கலந்திருப்பதாகச் செய்தி வந்தபோது நாடே கொந்தளித்தது, நாடாளுமன்றம் அமளியானது. இந்தியாவின் இறக்குமதிப் பட்டியலில் முற்றாகத் தடை செய்யப்பட்ட பொருள்கள் மிகக் கொஞ்சம். யானைத் தந்தத்தோடு சேர்ந்து அந்தச் சின்னப் பட்டியலில் இடம்பிடித்திருக்கிறது விலங்குக் கொழுப்பு.